மறு: சோக்குக்குத் தமிழ்ச் சொல் – ‘மறிசுருள்’ ஆகுமா?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது என் பங்குக்கு. சோக்கு (choke) என்பது நேர்மின்னோட்டத்தை விட்டு, உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைத் தடுக்கும் கம்பிச்சுருள்; அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> மின்தூண்டி என்ற சொல் பாடநூலிலேயே இருக்கிறது. சோக்கும் ஒரு மின்தூண்டிதானே, புதுச்சொல் எதற்கு?

சுருள்களுக்கெல்லாம் பொதுப்பெயரான மின்தூண்டி (inductor) பற்றிக் கும்பகோணத்து ஐயா கேட்ட இந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் வேண்டும். இதற்கு விடை இல்லையென்றால் மற்றதெல்லாம் வெட்டிப்பேச்சு. என் பதில் அகராதியிலிருந்து வரவில்லை ஐயா, சுட்டுக்கொண்ட விரலிலிருந்து வருகிறது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போட்டுவிட்டுப் போனபின், மன்னார்குடியில் எங்கள் தெருவில் மின்சாரமும் இல்லை, செல்போனும் இல்லை. அப்போது பிடித்த ஆசை: 12 வோல்ட் பேட்டரியில் ஓடி, 7 மெகாஹெர்ட்ஸில் 10 வாட் தரும், வானொலி அலைபரப்புக்கான ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர். ஒரே ஒரு ஐ.ஆர்.எஃப். 510 டிரான்சிஸ்டர். அதன் டிரெய்ன் என்ற காலுக்கு மின்சாரம் போகிற வழியில் ஒரு சோக்கு வேண்டும். செத்துப்போன கணினி பவர் சப்ளையில் கம்பி சுற்றும் மஞ்சள் வளையம் (சுருளின் உள்ளகம்) ஒன்று கிடந்தது. 6-ஆம் வகை இரும்புத்தூள் வளையமும் மஞ்சள்தான், அது உயர் அதிர்வெண்ணுக்கு நல்லது. ஆனால் இதற்கு ஒரு பக்கம் வெள்ளை. அதாவது 26-ஆம் வகை, கிலோஹெர்ட்ஸ் வேலைக்குப் பிறந்தது. நான் அந்த வெள்ளையைக் கவனிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 12 வோல்ட்டில் 10 வாட் என்றால் டிரெய்ன் பார்க்கும் சுமை ஏறக்குறைய 7 ஓம். சோக்கு அதைப்போல் 10 மடங்காவது தடுக்க வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸில் அதற்கு 1.6 மைக்ரோஹென்றி மின்தூண்டல் எண் வேண்டும். சிவப்பு வளையத்தில், அதாவது டி50-2 இரும்புத்தூளில், 18 சுற்று சுற்றினால் அது கிடைக்கும். பீங்கான் போன்ற காந்தப்பொருளான கறுப்பு ஃபெரைட்டில், அதாவது 43-ஆம் வகையான எஃப்.டி.50-43 என்றால் 2 சுற்றே போதும்.

இதே ஆம்ப்ளிஃபையரின் வெளிவாசலில், வேண்டாத அதிர்வெண்களை நீக்கும் வடிகட்டியிலும் சுருள் உண்டு. அங்கே சிவப்பு வளையம்தான் போடவேண்டும். கறுப்பைப் போட்டால் நாம் பாடுபட்டு உண்டாக்கிய வாட்டை அதுவே தின்றுவிடும். வடிகட்டிச் சுருள் ஒவ்வொரு அலைக்கும் வாங்கியதை அப்படியே திருப்பித் தர வேண்டிய ஆள். சோக்குக்கு அந்தக் கடமை இல்லை. உள்ளே விடாமல் நின்றால் போதும். தடுப்பு போதுமான அளவு இருக்கும்வரை, 43-இன் இழப்பு இங்கே நமக்கு உதவிதான்: மின்தேக்கிகளோடு சேர்ந்து சோக்கு தன் போக்கில் அதிரத் தொடங்குவதை அது அடக்கிவிடும். ஆக, சோக்கா வடிகட்டிச் சுருளா என்று தெரியாமல் உள்ளகம் வாங்க முடியாது. விதை வாங்கப் போனவர் ‘நெல்’ என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் குறுவைக்கா சம்பாவுக்கா என்று கேட்கமாட்டாரா? மின்தூண்டி பொதுப்பெயராக இருக்கட்டும், ஐயா. இதற்குத் தனிப்பெயர் வேண்டும்.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. சோக்கின் வழியே நேர்மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், என் கருவியில் சுமார் 1.5 ஆம்பியர். கூட இருந்தால் நல்லதுதானே என்று கறுப்பு வளையத்தில் 8 சுற்று போட்டு அடுத்த பாடமும் படித்தேன். கணக்குப்படி காந்தப்புலம் 0.4 டெஸ்லாவுக்குப் போகிறது, 43 தாங்குவதோ 0.3-க்குக் கீழே. பாடநூல் இதற்கு, அதாவது உள்ளகம் மேற்கொண்டு காந்தமாக முடியாத நிலைக்கு, தரும் ‘தெவிட்டல்’ எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல். திருவையாற்று அசோகா மூன்றாவது கரண்டியில் என்ன செய்யுமோ அதேதான். தெவிட்டியபின் அங்கே சோக்கு இல்லை, வெறும் கம்பி. 3 சுற்றோடு நிறுத்தினால் 0.15 டெஸ்லா, பிழைத்தோம். சிவப்பில் 18 சுற்றுக்கும் 0.01 டெஸ்லாதான் வருகிறது, அது அசையவே அசையாது. இரண்டு டிரான்சிஸ்டரை எதிரெதிராக இயக்குபவர்களுக்கு இந்தக் கவலை குறைவு: இரட்டைக் கம்பியாகச் சுற்றினால் இரு பக்க நேர்மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ஃபெரைட்டைத் தாராளமாகப் போடலாம்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> ஆங்கிலத்தில் கழுத்தை நெரிப்பதுதான். நெரிசுருள் என்றே வைக்கலாம்.

வேண்டாம் தம்பி. இது யார் கழுத்தையும் நெரிக்கவில்லை. ஒருவரை விட்டு, இன்னொருவரை நிறுத்துகிறது.

> மடைச்சுருள்: நம்ம ஊர்ச் சொல்.

கேட்டதும் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மடையை அடைத்தால் எல்லாத் தண்ணீரும் நிற்கும், திறந்தால் எல்லாம் போகும். சோக்கின் வேலை, மதகு முகப்பில் வெங்காயத்தாமரையை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் விடும் இரும்புக் கம்பிகளுடையது. அந்தக் கம்பிகளுக்கு எங்கள் பக்கம் ‘கம்பி’ என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. தகைசுருள் என்று ஒருவர் சொன்னதும் அழகுதான், ஆனால் தகைவு (stress) இழுவிசைக் கணக்கில் ஏற்கெனவே வேறு பொருளில் குடியேறிவிட்டது.

என் முன்மொழிவு: மறிசுருள். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, அதனால் நடுவே ‘ச்’ வராது. மறியல் என்றால் என்னவென்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காவிரித் தண்ணீருக்காக எத்தனை முறை சாலையில் உட்கார்ந்திருக்கிறோம்! பேருந்து நிற்கும், ஆம்புலன்ஸ் வந்தால் வழி விடுவோம். சோக்கு செய்வது அதைத்தான். பழைய நூல்களில் மறி என்றால் ஆட்டுக்குட்டி என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். சுருளோடு சேர்ந்தால் குழப்பம் வராது.

என் சொல்லிலும் ஓர் ஓட்டை இருக்கிறது, நானே காட்டிவிடுகிறேன். டிரான்சிஸ்டரின் கேட் என்ற காலில் ஃபெரைட்டு மணி ஒன்றைக் கோத்துவிடுகிறோமே, அதில் சுருளே கிடையாது, நேர்க்கம்பிதான். அதை மறிசுருள் என்றால் பொய். மறிமணி என்று வைத்துக்கொள்ளலாமா?

மின்மறுப்பு (reactance), மறிப்பு இரண்டும் காதில் ஒன்றாக விழுமோ என்பதுதான் எனக்கு மிச்சமிருக்கும் ஐயம். வகுப்பில் பாடம் நடத்தியவர் என்ற முறையில் ஐயாதான் சொல்லவேண்டும். ஞாயிறு வரை யாரும் மறிக்காவிட்டால் மறிசுருள், மறிமணி இரண்டையும் விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன்.