சொத்து வரியை மாநகராட்சியே தீர்மானிக்க வேண்டுமாம்!

மயிலை மாடிவீட்டான்: சொத்து வரி எவ்வளவு என்பதை மாநகராட்சியே முடிவு செய்யட்டும், கோட்டை ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று வரிக்குதிரை நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல். சென்னையில் 1998க்குப் பிறகு வரி ஏறி நிலைத்தது 2022ல்தான். 24 வருஷம்! ஓட்டுக்குப் பயப்படுகிற கவுன்சிலரிடம் இதைக் கொடுத்தால் உருப்பட்ட மாதிரிதான்.

வரிக்குதிரை: 2018ல் ஏற்றியதும் மாநில அரசு, 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்ததும் மாநில அரசு. 2016 அக்டோபரிலிருந்து 2022 தேர்தல் வரை மாமன்றமே கிடையாது, தனி அலுவலர்தான். இல்லாத கவுன்சிலர் எப்படிப் பயந்தார்?

மயிலை மாடிவீட்டான்: அதற்கு முன்னால் இருந்தார்களே, என்ன கிழித்தார்கள்? 24 வருஷம் சார், 24.

வரிக்குதிரை: 24ல் மாமன்றமே இல்லாத 5 போனாலும் உங்களுக்கு 24தானா?

மயிலை மாடிவீட்டான்: வந்துட்டார் கணக்கு வாத்தியார்.

புறநகரான்: 2022 ஏற்றத்தைப் பாருங்கள். 600 சதுர அடிக்குள் வீடு என்றால் பழைய சென்னையில் 50 சதவீதம், 2011ல் சேர்த்த எங்கள் பகுதிகளில் 25. 1800க்கு மேல் உங்களுக்கு 150, எங்களுக்கு 100. இந்தக் கணக்கெல்லாம் அரசாணையிலேயே வந்துவிட்டது. மாமன்றம் தீர்மானம் போட்டதோடு சரி.

மயிலை மாடிவீட்டான்: ஆக, உங்களுக்கும் சேர்த்து நாங்கள் கட்டுகிறோம்.

புறநகரான்: அப்படியா? ஐப்பசி மழையில் ஒரு நாள் எங்கள் தெருவுக்கு வாருங்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. குடிக்க லாரித் தண்ணீர், இறங்கினால் முழங்கால் தண்ணீர். இதில் சலுகையாம்!

கோவைக்காரி: உங்களுக்குச் சென்னையை விட்டால் ஊரே கிடையாதா? மற்ற ஊர்களில் முந்தைய ஏற்றம் 2008. அப்புறம், குறைந்தபட்ச வரி விகிதத்தை அறிவித்தால்தான் நகரங்களுக்கு மானியம் என்றது மத்திய நிதியைப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15வது நிதிக்குழு. கோட்டையின் குடுமியே டெல்லியில் இருக்கிறது!

மயிலை மாடிவீட்டான்: 2008 என்றால் 14 வருஷம். எங்களுக்கு 24.

கோவைக்காரி: இதில் போட்டி வேறயா, கஷ்டகாலம்.

வரிக்குதிரை: அந்த 24 வருஷமும் பழைய வரியைக் கட்டி சுகமாக இருந்தது யாராம்? 2024ல் 6 சதவீதம் ஏறியபோது எங்கள் தெருவே கவுன்சிலரோடுதான் மல்லுக்கு நின்றது. விகிதம் கோட்டையில், வசவு வார்டில். அதனால்தான் முடிவும் அவர்களிடமே இருக்கட்டும் என்கிறேன்.

மயிலை மாடிவீட்டான்: நான் ஏப்ரல் முதல் வாரமே கட்டி 5 சதவீதத் தள்ளுபடி வாங்குகிறவன். எனக்கு வகுப்பெடுக்காதீர்கள். தெருநாய் விவகாரத்தில் நீங்கள் என்னைப் பேசிய பேச்சை நான் மறக்கவில்லை.

வரிக்குதிரை: நாய்க்கும் வரிக்கும் என்ன சம்பந்தம்?

புறநகரான்: நாய் என்றதும் ஞாபகம் வருகிறது. அன்றைக்கும் எங்கள் பக்கத்து ஆட்களைத்தான் மயிலையார் குறை சொன்னார்.

மயிலை மாடிவீட்டான்: இப்போதும் சொல்கிறேன். முதலில் பாக்கியைக் கட்டிவிட்டு வாருங்கள், அப்புறம் சுதந்திரம் பேசலாம்.

புறநகரான்: யாருக்கு பாக்கி? ரசீது போடட்டுமா?