தெருநாய்களை அகற்றினால் உண்ணிக் காய்ச்சல் நிற்குமா?

ஏரிக்கரைவாசி (கேள்வி):
எங்களுடையது ராணிப்பேட்டை மாவட்டத்தில் ஏரியை ஒட்டிய சிற்றூர். கார்த்திகை மாதத்தில் என் தாயாருக்குக் காய்ச்சல் கண்டது. பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்ததால், டைபாய்டாக இருக்கலாம் என்று ஒரு வாரம் ஊசி போட்டார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோதுதான், பாவாடை நாடா இறுகும் இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கரிய பொருக்கு ஒன்று இருப்பதைச் செவிலியர் கண்டார். ஸ்க்ரப் டைபஸ் என்று உறுதியாகி, டாக்ஸிசைக்ளின் தொடங்கிய இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. இப்போது எங்கள் தெருவில் மேலும் இருவருக்கு வந்திருக்கிறது. இந்நோய்க்கு உண்ணிக் காய்ச்சல் என்று பெயர் பரவியதால், தெருநாய்களை அகற்ற வேண்டும் என்று ஊரில் பேசுகிறார்கள். இது சரிதானா? நோயாளியிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுமா?

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்:
மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றாது. குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். நாயின் காதில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்து உப்பும் உண்ணி வேறு. இந்நோயைப் பரப்புவது, புல் நுனியிலும் புதரிலும் காத்திருக்கும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைச் சிலந்திப்பேனின் இளம்பருவம். அது ஆடைக்குள் ஏறி, இடுப்பு, அக்குள் போன்ற இடங்களில் கடிக்கும். நோய்க்கிருமி தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுகளுக்குச் செல்வதால், நாயைப் பிடித்துக்கொண்டு போனாலும் புதரில் நோய் இருந்துகொண்டேதான் இருக்கும். எலிகள் திரியும் புதர்கள் வீட்டை ஒட்டி இல்லாமல் வெட்டிச் சுத்தம் செய்வதே முதல் வேலை. மழைக்குப் பிந்திய குளிர்மாதங்களில் இது கூடும். 2024 இறுதியிலும் தமிழகப் பொது சுகாதாரத் துறை இதைக் குறித்து எச்சரித்தது. முன்பு 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்று எழுதி முடித்தவற்றில் ஒரு பகுதி இதுவாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பொது மருத்துவர்:
உங்கள் தாயாருக்கு ஒரு வாரம் வீணானதற்குக் காரணம் உண்டு. டைபாய்டுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசிகள் இக்கிருமியிடம் செல்லுபடியாகா. அது உயிரணுக்களுக்குள்ளேயே வாழ்வது. ஐந்து நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலோடு ஏரிக்கரை வேலைக்குச் சென்ற விவரமும் இருந்தால், மருத்துவரிடம் அதைத் தவறாமல் கூறுங்கள். மார்பகத்தின் அடி, தொடையிடுக்கு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்; கூச்சத்தினால் அங்கேதான் பொருக்கு தப்பிவிடுகிறது. பொருக்கு இல்லாமலும் நோய் வரலாம். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுக்கிறோம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஆய்வில், நோய் முற்றிய நிலையில் டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தது, ஒன்றை மட்டும் கொடுத்ததைவிட நல்ல பலன் தந்தது. தடுப்பூசி இதுவரை இல்லை.

வரப்போரத்தான்:
முழுக்கை, முழுக்கால் உடை, காலணி என்று எழுதிவிடுவது எளிது. சேற்றில் இறங்கி நாற்று நடுபவருக்கு அது ஒத்துவராது. எங்கள் வீட்டில் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். புல்லில் வெறுந்தரையாக உட்காராமல் சாக்கை விரித்துக்கொள்வோம். வயலிலிருந்து வந்ததும் உடுத்திய துணியைக் கழற்றித் தனியே போட்டு வெந்நீரில் ஊறவைத்து, உடம்பைத் தேய்த்துக் குளிப்போம். துவைத்த துணியை வேலிப்புதரில் போடாமல் கொடியில்தான் உலர்த்துவோம்.

ஏரிக்கரைவாசி:
மூவருக்கும் நன்றி. தாயார் நூறு நாள் வேலையில் ஏரிக்கரைச் சீமைக்கருவேலம் வெட்டச் சென்றவர். மதியம் அங்கேயே புல்லில் முந்தானையை விரித்துப் படுப்பதுண்டாம். இதுவரை எந்த மருத்துவரும் அதைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. காய்ச்சலில் இருக்கும் மற்ற இருவரும் அதே கரையில் வேலை செய்தவர்கள்தாம் என்பதை நாளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதிக் கொடுக்கிறேன்.