புதுப்பிப்பு: கோத்தகிரி வீடு என்ன ஆச்சு?

போன மாதம் எழுதியிருந்தேனே, கோத்தகிரியில் நாங்கள் 48 லட்சத்துக்குப் பேசிய வீட்டுக்கு "கோயம்புத்தூர் பார்ட்டி 53 தர்றாங்க, முழுக்க ரொக்கம்" என்று தரகர் விலையை ஏற்றிக்கொண்டே போனதை. நேரே வீட்டுக்காரரைப் பார்க்கச் சொன்னீர்கள். போனோம்.

அந்த அம்மா டீ கொடுத்துவிட்டு, "எந்தப் பார்ட்டி? உங்களைத் தவிர யாருமே வரலையேப்பா" என்றார். என் மனைவி குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். எனக்குக் கை நடுங்கியது. மூன்று வாரம் தூங்காமல் கிடந்தோமே!

அப்புறம் வீட்டின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றிதழை 30 வருடத்துக்குப் போட்டுப் பார்த்தோம், சுத்தம். 48-க்கே ஒப்பந்தம் எழுதிப் பதிவும் செய்தாயிற்று. முன்பணம் வங்கி வழியாகத்தான். வீடு விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டமே இடம் தராது. வீடு எங்கள் பெயருக்கு மாறும் கிரயம் தை மாதம்.