புதுப்பிப்பு: மலேசியாவின் சுங்கை சிப்புட் வெயிலில் கோரல் பெல்ஸ்

மூன்று மாதத்துக்கு முன், வாசல் ஓரத்துக்கு எந்த நிற கோரல் பெல்ஸ் (வண்ண இலைக்காக வளர்க்கும் ஹியூக்கெரா செடி) வைக்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பேலஸ் பர்ப்பிள், லைம் ரிக்கி, கேரமல் என்ற மூன்று ரகங்களையும் வாங்கினேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஒன்றுதான் மிச்சம்.

லைம் ரிக்கி முதல் வாரத்திலேயே கருகியது. பேலஸ் பர்ப்பிள்மேல் எனக்குத் தனிப் பாசம். 1991இல் அமெரிக்காவில் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாகத் தேர்வான ரகம். இலை திடமாகத்தான் இருந்தது. ஒருநாள் லேசாகத் தொட்டேன், கொத்தோடு கையில் வந்துவிட்டது. அடித்தண்டு பழுப்பாகிக் கொழகொழவென்று அழுகியிருந்தது. மாலை மழை, இரவிலும் குறையாத புழுக்கம், போதாததற்குத் தண்டு மூடும்படி மண் போட்டது என் தப்பு.

கேரமல் பிழைத்ததற்குக் காரணம் அதன் வில்லோசா வம்சம். வில்லோசா என்பது அமெரிக்காவின் தென்கிழக்கில் வளரும் ஹியூக்கெரா இனம், சூட்டையும் ஈரத்தையும் ஓரளவு தாங்கும். அதை இப்போது மண்சட்டிக்கு மாற்றி, பாதி மணல் கலந்து, தண்டு மண்ணுக்கு மேலே தெரியும்படி தாழ்வாரத்தில் வைத்திருக்கிறேன். காலை வெயில் மட்டும்தான். ஐந்து இலை, பழைய வெல்ல நிறம்.

வாசல் ஓரத்துக்கா? பக்கத்து வீட்டு அக்கா நாலு கோலியஸ் (இதுவும் வண்ண இலைச் செடிதான்) கிளை ஒடித்துக் கொடுத்தார். அதற்குள் வேர்விட்டு முழங்கால் உயரம் நிற்கிறது.