பொருள்: மறுமொழி – பழைய ரிவால்வர்களின் ‘ப்ரூஃப் மார்க்’குக்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம்.

> ‘சான்று முத்திரை’ எளிமையாகவும் எல்லோருக்கும் புரிவதாகவும் இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

போகலாம்தான். ஆனால் துப்பாக்கியைச் சோதித்த பின் குத்தும் முத்திரைக்கான இந்தச் சொல் இடம்பெறப் போவது பழைய ரிவால்வரின் வயதைக் கணிக்கும் கையேட்டில். அங்கே ‘சான்று’ என்று கண்டால் வாசகர் இரண்டில் ஒன்றை நினைப்பார். ஒன்று, துப்பாக்கி அசல் என்பதற்கான சான்று. அல்லது, இன்ன ஆண்டில் இன்ன ஊரில் செய்தது என்பதற்கான சான்று. அந்த முத்திரை இவ்விரண்டையும் சொல்வதே இல்லை.

நடப்பது இதுதான். குழலிலும் உருளையின் (மருந்தும் குண்டும் நிரப்பும் சுழலும் பகுதியின்) ஒவ்வோர் அறையிலும் வழக்கத்தைவிட அதிகமாக மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்ப்பார்கள். வீங்காமல், விரிசல் விடாமல் நின்றால் முத்திரை குத்துவார்கள். இதைச் செய்பவர் துப்பாக்கியைச் செய்தவர் அல்லர். சட்டப்படி அமைந்த தனி நிறுவனம். பர்மிங்காமில் அது 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. லண்டனில் அதற்கும் முந்தைய துப்பாக்கிக் கொல்லர் சங்கம் இந்த வேலையைப் பார்த்தது.

கோல்ட் நிறுவனத்தின் 1851 நேவி ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் செய்து இங்கிலாந்தில் விற்கப்பட்ட துப்பாக்கிகளிலும் லண்டன் முத்திரைகள் உண்டு: கிரீடத்தின் கீழ் ‘வி’ ஒன்று, கிரீடத்தின் கீழ் ‘ஜி.பி.’ ஒன்று. அதைப் பார்த்தவுடன் ‘லண்டனில் செய்தது’ என்று குறிப்பெழுதுபவர்கள் இருக்கிறார்கள். கோல்டின் லண்டன் ஆலை 1853 முதல் 1856 வரைதான் இயங்கியது. துப்பாக்கி எங்கே செய்தது என்று தெரியவேண்டுமானால் குழலின் மேல்புறம் பொறித்திருக்கும் முகவரி வரியைப் படிக்கவேண்டும். ‘கர்னல் கோல்ட், லண்டன்’ என்றிருந்தால் அது ஒரு கதை. நியூயார்க் என்றிருந்தால் வேறு கதை.

அதே துப்பாக்கியில் இன்னொரு பொறிப்பு இருக்கிறது. உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி பொறித்திருக்கும். அதனருகே ‘16 மே 1843’ என்ற நாளும் இருக்கும். டெக்ஸாஸ் கடற்படை மெக்ஸிகோவுடன் மோதிய நாள் அது. துப்பாக்கியோ 1850இல்தான் உற்பத்திக்கு வந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் முதல் ரிவால்வரிலும் இதே சங்கடம் உண்டு. உருளையில் ‘3 ஏப்ரல் 1855’ என்றிருக்கும். அது ரோலின் வைட் என்பவர், தோட்டாவைப் பின்னாலிருந்து இடும்படி உருளையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை துளைக்கும் முறைக்குப் பெற்ற காப்புரிமையின் நாள். துப்பாக்கி 1857இல்தான் வெளிவந்தது. அந்தக் காப்புரிமை 1869 வரை இருந்ததால் கோல்ட் போன்றவர்கள் அதுவரை உருளையின் பின்புறம் கேப்பு (அடித்தால் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மாட்டும் பழைய முறையிலேயே காலம் தள்ளினார்கள். ஆகவே உருளை துளைத்திருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதே, பொறித்திருக்கும் பல தேதிகளைவிட நல்ல துப்பு. (விதிவிலக்குகள் உண்டு, காப்புரிமையை மீறிச் செய்தவர்களும் இருந்தார்கள், பழைய உருளையைப் பின்னாளில் தோட்டாவுக்கு ஏற்றபடி மாற்றியதும் உண்டு. இந்த மாற்றங்களுக்கான கலைச்சொல்லைத் தனியாகப் பேசவேண்டும்.)

முத்திரை வயதுக்கு உதவவே உதவாது என்று நான் சொல்லவில்லை. பெல்ஜியத்தின் லீயேஜ் நகர முத்திரையில் முட்டை வடிவ வளையத்துக்குள் ‘ஈ.எல்.ஜி.’ என்ற எழுத்துகள் இருக்கும். 1893 முதல் அதன் தலையில் கிரீடம் ஏறியது. கிரீடம் இல்லையென்றால் சோதனை அதற்கு முந்தியது, இருந்தால் பிந்தியது. ஆனால் பழைய துப்பாக்கி ஒன்று நாடு மாறி மறுவிற்பனைக்கு வரும்போது மறுபடியும் சோதனைக்குப் போகும். ‘இங்கிலாந்தில் செய்ததன்று’ என்ற பொருள்படும் முத்திரையை இங்கிலாந்து 1925 முதல் 1955 வரை வெளிநாட்டுத் துப்பாக்கிகளில் குத்தியது. அது 1870களின் துப்பாக்கி மீது இருந்தாலும் வியப்பில்லை. முத்திரை சொல்வது சோதனையின் காலத்தை.

எனவே சோதனையைச் சொல்லும் சொல் வேண்டும். பொன்னைச் சுட்டு மாற்றுப் பார்ப்பதும் துப்பாக்கியைச் சுட்டு உறுதி பார்ப்பதும் தமிழில் ஒரே வினை. அதனால் ‘சுடுதேர்வு முத்திரை’ என்று முன்மொழிகிறேன். நிறுவனம் ‘சுடுதேர்வகம்’. மறுபடி சோதிப்பது ‘மறு சுடுதேர்வு’.

அன்புடன்.

---

ஐயா, வணக்கம்.

‘சான்று’ வேண்டாம் என்ற வாதம் சரி. ஆனால் ‘சுடுதேர்வு’ என்றவுடன் எனக்குக் காவலர் பணிக்கான தேர்வில் இளைஞர்கள் வரிசையில் நின்று இலக்கைச் சுடும் காட்சிதான் வருகிறது. தேர்வு எழுதுவது ஆளா, குழலா?

தமிழில் இடிதாங்கி இருக்கிறது, சுமைதாங்கி இருக்கிறது. துப்பாக்கியும் இங்கே தாங்கியே காட்டுகிறது. ‘வெடிதாங்கு முத்திரை’ என்றால் என்ன? எதைத் தாங்கியது, முத்திரை ஏன் விழுந்தது என்பது சொல்லிலேயே இருக்கிறது. ‘குதிரை’ என்ற சொல்லை வைத்துத் துப்பாக்கியின் சுத்தியலைச் சொன்ன மொழி நம்முடையது. கொல்லர் பட்டறையில் புழங்கக்கூடிய சொல்லாக இருக்கட்டுமே.

---

அம்மையீர்,

‘வெடிதாங்கு முத்திரை’ என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. வாயிலும் எளிதாக வருகிறது. வரைவில் மாற்றிவிடுகிறேன். நிறுவனத்துக்கு மட்டும் ‘வெடிதாங்ககம்’ என்று போகவேண்டாம், சொல்லும்போதே நாக்கு இடறுகிறது. ‘துப்பாக்கிச் சோதனைச் சாலை’ போதும். மறுசோதனைக்கு ‘மறுமுத்திரை’ என்றே எழுதலாம். எடைக்கற்களுக்கு முத்திரை வைக்கும் துறையினர் புழங்கும் நடைக்கும் அது ஒத்துவருகிறது.

ஒன்று பாக்கி. மேலே சொன்ன கிரீடமும் ‘வி’யும் சுட்டுப் பார்த்ததற்கு அல்ல, கண்ணால் பார்த்ததற்கு. சுட்ட பிறகு குழலுக்குள் ஒளி விட்டுப் பழுது இருக்கிறதா என்று ஆராய்ந்தவர் குத்துவது. வெடிதாங்கு முத்திரையோடு அதையும் ஒரே பெயரில் அடக்கினால் லண்டன் துப்பாக்கிகளின் பட்டியல் குழம்பும். ‘பார்வை முத்திரை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘பார்வையிட்ட முத்திரை’ என்றால் அரசு அலுவலகக் கோப்பு நினைவுக்கு வந்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்தேன். வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வந்தால் பேசுவோம். இல்லையென்றால் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.