நேர்காணல் அழைப்பு எப்போது வரும்? அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பம்: உங்கள் அனுபவங்கள்

நியூஜெர்சியிலிருந்து ஒரு அம்மா:

மகள் ஜூன் முதல் வாரமே ஆம்காஸில் (பல கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவை) விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். எம்கேட் நுழைவுத் தேர்வில் 515. இப்போது நவம்பர். கூடப் படித்த பெண்ணுக்கு ஆகஸ்டிலேயே இன்டர்வியூ அழைப்பு வந்துவிட்டது. இவளுக்கு இதுவரை ஒரே ஒரு கல்லூரி, அதுவும் தீபாவளி சமயத்தில்தான் வந்தது. மற்ற இடங்களிலிருந்து மூச்சே இல்லை. எந்தக் கணக்கில் கூப்பிடுகிறார்கள்? இந்தப் பாதையில் போய் வந்தவர்கள் சொன்னால் நிம்மதியாக இருக்கும்.

மிச்சிகனில் மருத்துவராக இருப்பவர்:

வணக்கம். 515 நல்ல மதிப்பெண், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சில வருடங்கள் ஒரு கல்லூரியின் சேர்க்கைக் குழுவில் இருந்தேன். உள்ளே பார்த்ததைச் சொல்கிறேன்.

ஜூனில் அனுப்பியது முதல் படிதான். ஒவ்வொரு பாடத்தையும் டிரான்ஸ்கிரிப்டோடு ஒப்பிட்டு ஆம்காஸ் சரிபார்க்கும். கூட்டம் அதிகமான சமயத்தில் அதற்கே ஆறு வாரம் வரை ஆகலாம். அப்புறம் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக செகண்டரி, அதாவது தன் பங்குக்குக் கூடுதல் கட்டுரை கேட்கும். பரிந்துரைக் கடிதங்கள் வர வேண்டும். சில இடங்களில் காஸ்பர் (இக்கட்டான சூழ்நிலையில் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று கேட்கும் ஆன்லைன் தேர்வு) முடிவும் வேண்டும். எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் ஃபைல் முழுமையானதாகக் கணக்கு. வரிசையில் உங்கள் இடம் அந்தத் தேதியைப் பொறுத்தது. ஒரு பேராசிரியரின் கடிதம் செப்டம்பர் கடைசி வரை வராததால், ஜூனில் அனுப்பிய பையனின் ஃபைல் ஆகஸ்டில் அனுப்பியவர்களுக்குப் பின்னால் போனதை நானே பார்த்திருக்கிறேன். எது வந்தது, எது வரவில்லை என்பது கல்லூரி போர்ட்டலில் தெரியும். இன்றைக்கே மகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபைலைப் படிப்பவர்களில் பலர் பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு இரவில் உட்கார்ந்து படிப்பவர்கள். ஒருவர் வேகமாகப் படிப்பார், இன்னொருவர் மாநாட்டுக்குப் போய்விட்டு வந்து படிப்பார். ஒரே நாளில் முழுமையான இரண்டு ஃபைல்களில் ஒன்றுக்கு ஆகஸ்டிலும் மற்றொன்றுக்கு நவம்பரிலும் அழைப்பு போவது எங்களிடம் சாதாரணமாக நடந்தது. இன்டர்வியூ நாட்களையும் ஆகஸ்ட், செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை வேண்டுமென்றே பரப்பி வைப்போம். எல்லா இடத்தையும் முதலில் வந்தவர்களுக்கே கொடுத்துவிட்டால் டிசம்பரில் ஒரு அருமையான ஃபைல் வந்தால் என்ன செய்வது?

பெரும்பாலான கல்லூரிகளில் அக்டோபர் நடுவிலிருந்துதான் இடம் கொடுப்பது தொடங்கும். எங்கள் குழு கூடும்போது ஃபைல் திரையில் இருக்கும், நேர்கண்டவர் பேசுவார், அப்புறம் வாக்கு. எடுத்துக்கொள்வது, வேண்டாம் என்பது இரண்டும் சுலபம். நடுவில் 'ஹோல்ட்' என்று ஒன்று உண்டு, முடிவைத் தள்ளிவைப்பது. பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள்.

ஒரு பெண் நினைவில் இருக்கிறாள். எம்கேட் எங்கள் சராசரிக்குக் கீழே. முதியோர் இல்லத்தில் இரவு ஷிஃப்டில் உதவியாளராக வேலை பார்த்தவள். சாப்பிட மறுத்த ஒரு பெரியவர் எந்தக் கிண்ணத்தில் கொடுத்தால் சாப்பிடுகிறார் என்று கவனித்துக் கண்டுபிடித்ததை நேர்காணலில் சொல்லியிருக்கிறாள். இலையுதிர்காலக் கூட்டத்தில் அவளை ஹோல்டில் வைத்தோம். ஜனவரியில் மறுபடி எடுத்தபோது நேர்கண்டவர் அவளுக்காக இரண்டாம் முறையும் பேசினார், இடம் கொடுத்தோம். அத்தனை மாதமும் அவளுக்கு ஒரு வரித் தகவல் போகவில்லை. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது. 'உங்களைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்' என்று எழுத எவ்வளவு நேரமாகும்? குழுவில் சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை.

ஃபைல் இன்னும் படிக்கப்படாமல் இருக்கலாம், ஹோல்டில் இருக்கலாம், நிராகரித்துவிட்டுச் சொல்லாமலும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் பதில் வராததை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஹார்வர்ட், யேல் போன்ற சில இடங்கள் இப்படி அவ்வப்போது இடம் கொடுப்பதே இல்லை. எல்லோருக்கும் சேர்த்து மார்ச்சில்தான் சொல்வார்கள். அங்கே முதலில் இன்டர்வியூ முடித்ததால் இடம் முன்னால் கிடைத்துவிடாது.

டெக்சாஸிலிருந்து ஒரு அப்பா:

எங்கள் மாநிலத்தில் கதையே வேறு. அரசுக் கல்லூரிகளுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ் என்று தனி விண்ணப்பம். இடங்களில் 90 சதவீதம் டெக்சாஸ்வாசிகளுக்கே, அதனால் வெளிமாநிலத்திலிருந்து போடுபவர்கள் யோசித்துப் போடுங்கள். அக்டோபரிலிருந்து ப்ரீமேட்ச் என்று சிலருக்கு நேரடியாக இடம் வரும். வராதவர்கள் கல்லூரிகளை விருப்ப வரிசையில் அடுக்கிக் கொடுத்துவிட்டு பிப்ரவரி மேட்ச் (இரு தரப்பு விருப்பத்தையும் பொருத்தி இடம் ஒதுக்குவது) வரைக்கும் காத்திருக்க வேண்டும். என் மகனுக்கு ப்ரீமேட்ச் ஒன்றும் வரவில்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவன் யாரோடும் பேசவே இல்லை. மேட்ச்சில் அவன் இரண்டாவதாகப் போட்ட கல்லூரி கிடைத்தது, இப்போது அங்கேதான் படிக்கிறான்.

அவனுக்கு நடந்தது எம்.எம்.ஐ, அதாவது அடுத்தடுத்துப் பல குட்டி இன்டர்வியூ. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறையாம். அறைக்கு வெளியே ஒட்டியிருக்கும் கேள்வியைப் படிக்கச் சில நிமிடம், உள்ளே போய்ப் பேசச் சில நிமிடம், மணி அடித்தால் அடுத்த அறை. கோவிட் சமயத்திலிருந்து பல கல்லூரிகள் இதையும் ஜூமில் வைக்கின்றன. வீட்டில் அந்த நேரம் மிக்ஸி ஓடாமல் பார்த்துக்கொண்டோம்!

பெயர் வேண்டாம் என்ற உறுப்பினர், ரெசிடென்சியில் (படிப்பு முடிந்த பின் மருத்துவமனைப் பயிற்சி) இருக்கிறேன்:

ஹெச்4 விசாவில் (வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்தாருக்கானது) வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், முதலில் கல்லூரிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மாநிலக் கல்லூரிகளில் பெரும்பாலானவை குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களின் ஃபைலைப் படிப்பதே இல்லை. 21 வயதோடு ஹெச்4 முடிந்து நான் எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறியிருந்தேன். இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரே ஊரில் படித்தவள், ஆனால் அந்த ஊர்க் கல்லூரிக்கு நான் வெளிநாட்டு மாணவி. என் மதிப்பெண்ணைப் பார்க்கும் கட்டமே வரவில்லை. விசா மாணவர்களை எடுக்கும் தனியார் கல்லூரிகள் சிலவற்றுக்கு மட்டும் போட்டேன். அதிலும் சில, படிப்புக் கட்டணத்தை முன்கூட்டியே எஸ்க்ரோ கணக்கில் (கட்டணத்துக்கென்று பணத்தை ஒதுக்கிப் பூட்டிவைக்கும் கணக்கு) கட்டச் சொல்கின்றன. அந்தத் தொகையைக் கேட்டு அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

வெயிட்லிஸ்டில் இருந்துதான் எனக்கு இடம் கிடைத்தது. ஏப்ரல் 30 வாக்கில், பல இடங்களைக் கையில் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட வேண்டும். அதற்கப்புறம்தான் பட்டியல் நிஜமாக நகரும். மேயில், வேலையில் இருந்தபோது போன் வந்தது. தெரியாத எண் என்று எடுக்காமல் இருக்காதீர்கள். அந்த மாதத்தில் மெயிலின் ஸ்பாம் பெட்டியையும் தினமும் பாருங்கள். பதில் சொல்ல அவர்கள் கொடுக்கும் அவகாசம் ரொம்பக் குறைவு.