வீட்டு சர்வரில் நான்கு ஹார்ட் டிஸ்க்: ரெய்டு 5 போடலாமா?

குடந்தை ஒளிப்படம்:

வணக்கம். கும்பகோணத்தில் அப்பா ஸ்டூடியோ நடத்துகிறார். கல்யாணப் படங்களும் வீடியோக்களும் பல டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கின்றன, மொத்தம் 2.5 டெராபைட் இருக்கும். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்கப் பழைய கணினி ஒன்றில் டெபியன் 12 நிறுவியிருக்கிறேன். 4 டெராபைட் டிஸ்க் நான்கு, ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினேன். பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாக இணைக்கும் ரெய்டு முறையில், ரெய்டு 5 போட்டால் 12 டெராபைட் கிடைக்கும், ஒன்று பழுதானாலும் தரவு போகாது என்று படித்தேன். கடைக்காரர் தனி ரெய்டு கார்டு வாங்கச் சொல்கிறார். பயோஸிலும் ரெய்டு என்று ஒரு தேர்வு இருக்கிறது. எதை எடுப்பது? மின்தடை அடிக்கடி உண்டு. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது.

வைகைக்கரை:

தம்பி, கார்டு வேண்டாம். அது பழுதானால் அதே வகைக் கார்டைத் தேடி அலைய வேண்டும். டிஸ்க்குகள் நன்றாக இருந்தும் படங்கள் கைக்கு வராது. பயோஸில் இருப்பதும் பெரும்பாலும் மென்பொருள் ரெய்டுதான். மதர்போர்டு மாறினால் சிக்கல். அதை ஏஎச்சிஐ (டிஸ்க்குகளைத் தனித்தனியாகக் காட்டும் நிலை) என்று மாற்றிவிட்டு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே உள்ள எம்டி என்ற மென்பொருள் ரெய்டைப் பயன்படுத்துங்கள். தொகுப்பின் விவரம் ஒவ்வொரு டிஸ்க்கிலும் எழுதப்பட்டிருக்கும். கணினியே எரிந்துபோனாலும், டிஸ்க்குகளைக் கழற்றி வேறு லினக்ஸ் கணினியில் மாட்டினால், எம்டியை இயக்கும் எம்டிஆடம் என்ற கருவி அடையாளம் கண்டு சேர்த்துவிடும். மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தின் சர்வர்களைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் நான். இந்த ஒரு குணத்துக்காகவே எம்டியை நம்புகிறேன்.

ரெய்டு 5-க்கு வருகிறேன். நான்கில் ஒன்று போனால், புதிய டிஸ்க்கை நிரப்ப மற்ற மூன்றையும் முழுவதுமாகப் படிக்க வேண்டும். அது 12 டெராபைட். படிக்க முடியாத பிழை நூறு லட்சம் கோடி பிட்டுக்கு ஒன்றுக்கு மேல் வராது என்பதுதான் சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில் உள்ள உத்தரவாதம். கணக்குப் போட்டால் 12.5 டெராபைட்டுக்கு ஒன்று. நடைமுறையில் பல டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே உழைக்கும். ஆனாலும் ஒரே நாளில் வாங்கி ஒரே அளவு ஓடிய மூன்று டிஸ்க்குகளை நம்பி, வினாடிக்கு 150 மெகாபைட் வேகம் கிடைத்தாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். கட்டிய தாலியை மறுபடி கட்டச் சொல்லிப் படம் எடுக்க முடியுமா?

உங்களிடம் இருப்பது 2.5 டெராபைட்தான். இரண்டு டிஸ்க்குகளை மட்டும், ஒரே தரவை இரண்டிலும் எழுதும் ரெய்டு 1 ஆக்குங்கள். மற்ற இரண்டையும் பேக்கப்புக்கு ஒதுக்குங்கள். வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி ஆர்சிங்க் என்ற கருவி மூலம் பிரதி எடுத்து, ஒன்று எப்போதும் ஸ்டூடியோவுக்கு வெளியே, உறவினர் வீட்டில் இருக்கட்டும். டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்காமலிருக்கத்தான் ரெய்டு. யாராவது ஒரு ஆல்பத்தை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழிந்துவிடும். அங்கே காப்பாற்றுவது பேக்கப் மட்டுமே. இடம் போதாமல் போகும்போது ஒவ்வொரு டிஸ்க்காகப் பெரியதாக மாற்றித் தொகுப்பை விரித்துக்கொள்ளலாம்.

செம்மண் காடு:

ரெய்டு 5 வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் எம்டியைவிட இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை நல்லது என்பேன். ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்திருப்பதால், இரு பிரதிகளும் வேறுபட்டால் எது சரி என்று அதற்குத் தெரியும். எம்டிக்குத் தெரியாது, வேறுபாடுகளை எண்ணிச் சொல்லும், சரிசெய்யச் சொன்னால் ஒன்றின் மேல் மற்றதை எழுதிவிடும். படக் கோப்பில் ஒரு பிட் மாறினாலும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிவிடலாம்.

குடந்தை ஒளிப்படம்:

நன்றி அண்ணா, இருவருக்கும். 12 டெராபைட் ஆசையை விட்டுவிட்டேன். எனக்கு லினக்ஸ் புதிது. இசட்எஃப்எஸ் என்னால் சமாளிக்க முடியுமா? இன்வெர்ட்டர் மட்டும் போதுமா?

வைகைக்கரை:

செம்மண் காடு சொல்வது உண்மை. பயப்படாமல் கற்றுக்கொள்ள நேரம் இருந்தால் இசட்எஃப்எஸ் மிரர் (ரெய்டு 1 போன்ற இரட்டைப் பிரதி) எனக்கும் சம்மதமே. டெபியனில் அது மூலக் கெர்னலோடு வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். கெர்னல் மாறும்போது இசட்எஃப்எஸ் மாட்யூல் மறுபடி கட்டப்பட வேண்டும், அதைக் கவனிக்க ஆள் வேண்டும். எம்டியில் தொடங்கினால், நிகழ்ச்சி முடிந்து படங்களை ஏற்றியதும் ஒவ்வொரு படத்துக்குமான ஷா-256 சரிபார்ப்புத் தொகைகளை ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். பிழை வந்தால் எந்தப் படம் என்று தெரியும், பேக்கப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இன்வெர்ட்டர் மட்டும் போதாது. சாதாரண நிலையில் அது மாறும் இடைவெளியிலேயே கணினி அணைந்து எழக்கூடும். யூபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருந்தால் மாற்றுங்கள். முடிந்தால் யூஎஸ்பி வழியாகக் கணினியோடு பேசும் சிறிய யூபிஎஸ் ஒன்றும் வாங்குங்கள், மின்கலம் தீருமுன் அதுவே சர்வரை ஒழுங்காக அணைக்கும்.

டிஸ்க்குகளின் மாடல் எண்ணையும் பாருங்கள். தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதும் எஸ்எம்ஆர் வகையாக இருந்தால், தொடர்ந்து எழுதும்போது வேகம் வெகுவாகக் குறையும்; அவற்றைப் பேக்கப்புக்கு வைத்துக்கொண்டு, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகையை ரெய்டுக்குப் போடுங்கள். முழு டிஸ்க்கையும் கொடுக்காமல், கடைசியில் நூறு மெகாபைட் விட்டுப் பகிர்வு (பார்ட்டிஷன்) அமையுங்கள். நாளை வேறு நிறுவனத்தின் 4 டெராபைட் டிஸ்க் சற்றே சிறிதாக இருந்தாலும் பொருந்தும். தொகுப்பை உருவாக்கியதும் அதன் விவரத்தை எம்டிஆடம் அமைப்புக் கோப்பில் சேர்த்து, கணினி எழும்போது பயன்படும் தொடக்கப் படிமத்தையும் (இனிட்ராம்எஃப்எஸ்) புதுப்பியுங்கள். இல்லையெனில் அடுத்த தொடக்கத்தில் எம்டி127 என்ற பெயரில் எழும்.

மின்னஞ்சல் எச்சரிக்கையை இயக்கி, ஒரு சோதனைக் கடிதம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். டெபியன் மாதத்தின் முதல் ஞாயிறன்று தொகுப்பைத் தானே சரிபார்க்கும். அன்று வேகம் குறைந்தால் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் வெளிப்பக்கத்திலும் தொடர் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை ஒட்டிவையுங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு இடும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறலாம். பழுதான டிஸ்க்கைக் கழற்றுவதாக நினைத்து நல்லதைக் கழற்றும் ஆபத்து அங்கேதான்.